ஏற்றுக்கொண்டு முடித்துவைக்கப்பட்டது

"இண்டைக்கு நீர் வாய் திறக்கப்படாது, ராசேஸ், சொல்லிப்போட்டன் -"

"வாய் திறக்கத்தானே சபையிலை எனக்குக் கதிரை தந்திருக்கினம் -"

"கதிரை தந்தது இருக்கிறதுக்கு. திறக்கச் சொல்லி ஆர் கேட்டது -"

"இருக்கிறதுக்கு எண்டா என்ரை வீட்டிலையே ஆறு கதிரை கிடக்குது -"

"அந்தக் கடிதத்தை வாசிச்சனீரோ? முத்திரை குத்தின கடிதம் -"

"ரெண்டு தரம் வாசிச்சன். வாசிச்சபடியால்தான் கதைக்கப் போறன். நீங்கள் நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ. மேலை பார்வையாளர் பக்கத்திலை முன்வரிசையிலை இருங்கோ."

இராஜேஸ்வரியின் கணவர் குகநாதன் நீலச் சேட்டைத் தேடிக்கொண்டே தொடர்ந்து மறுத்தார். சுவிஸுக்கு வந்து முப்பத்துமூன்று வருடமாகிறது. பன்னிரண்டு வருடமாகக் கையில் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. ஆனாலும் ஊர்ச் சின்னம் பதித்த உறை தபாலில் வந்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரிப்பார். மேசையில் கிடந்த கடிதத்தைப் பிரிக்கும்போது இரண்டு தரம் கழுவியிருந்தார்.

இராஜேஸ்வரி எழுதிக் கேட்டதற்குப் பதிலாக வந்த அந்தக் கடிதம் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. இராஜேஸ்வரி ஊர்ச்சபை உறுப்பினராக இருக்கிறார். ஊர் அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சபையில் ஒரு பிரேரணையும் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் அதே அலுவலகத்தில் இன்னொருவருக்காக மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அவரது நடுநிலைமை கெட்டுவிடும். ஆகவே வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, குடும்ப ஆலோசனை அறைக்குள் அவர் வர முடியாது. "இந்த முடிவு உங்கள் மொழித்திறன் பற்றிய மதிப்பீடு அல்ல. அன்பான வாழ்த்துகள்."

சபைக்குப் போக முன்னர் இராஜேஸ்வரி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். இப்போதும் அங்கேதான். மதிய இடைவேளையில் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, பல் வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், வேலையில்லாதவர் அலுவலகத்தில் யார் யாருக்காகவோ போய்க் கதைத்துவிட்டு வருவார். எவரும் மறித்ததில்லை. ஊரைத் திருத்துகிற அதிகாரம் கிடைத்த பிறகுதான், அதுவரை செய்துகொண்டிருந்த ஒரேயொரு உருப்படியான வேலை அவருக்குத் தடைசெய்யப்பட்டது.

ஊரின் பெயர் இங்கே வேண்டாம். சோலோதுர்னிலிருந்து ரயிலில் ஏறினால் பாடன் வருமுன் வந்துவிடும். பெயரைச் சொன்னால் அதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைப்பார்கள்.

இராஜேஸ்வரி அந்தச் சபைக்குள் போனது எவரும் திட்டமிட்ட காரியம் அல்ல. தேர்தலுக்கு முன்பு ஒரு கட்சிக்காரி வீடு தேடி வந்தாள். பெயர் ரெகூலா. நல்ல பிள்ளை, சைக்கிளில் வந்தாள்.

"எங்கள் வேட்பாளர் பட்டியலில் கடைசி இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வெல்ல மாட்டீர்கள், பயப்பட வேண்டாம். படம் மட்டும் தந்தால் போதும். சேலை கட்டிய படமாக இருந்தால் நல்லது."

இராஜேஸ்வரி படம் கொடுத்தார். கட்சிக்கு ஐந்து ஆசனம் கிடைத்தது. பிறகு ஒருவர் பாஸலுக்கு வீடு மாறினார். ஒருவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒருவர் பாய்மரப் படகில் உலகம் சுற்றப் போனார். இன்னும் சிலர் தங்களைத் தேடப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பட்டியலில் அடுத்தவர், அடுத்தவர் என்று மேலே ஏறி ஏறி, ஒரு காலை தபாலில் கடிதம் வந்தது. குகநாதன் கையைக் கழுவிவிட்டுப் பிரித்தார்.

"ராசேஸ்," என்றார், "உம்மைப் பிடிச்சுப்போட்டாங்கள்."

முதல் நாள் சபையில் அவருக்கு ஒரு பேனாக்கத்தியும் விதிமுறைப் புத்தகமும் கொடுத்தார்கள். கத்தியை எல்லோரும் பிரித்துப் பார்த்தார்கள். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர் இராஜேஸ்வரி ஒருவர்தான். வேலைக்குப் போகிற பேருந்தில் தினமும் இரண்டு பக்கம் படித்தார்.

அவருடைய முதல் பிரேரணை வாங்கு பற்றியது. முதியோர் இல்லத்துக்கு முன்னால் உள்ள பேருந்துத் தரிப்பில் உட்கார ஒரு வாங்கு இல்லை. தொண்ணூறு வயது மனிதர்கள் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். இதை மூன்று நிமிடத்தில் சொன்னார். சபை மேசையைத் தட்டிப் பாராட்டியது. தலைவர் ஹெர் ஃப்ளூக்கிகர் வாக்கெடுத்தார். இருபத்தெட்டுப் பேரும் கையை உயர்த்தினார்கள். மறுபடி ஒரு வாக்கெடுப்பு. மறுபடி இருபத்தெட்டுக் கை. இராஜேஸ்வரியும் பக்கத்தில் உள்ளவர்களைப் பார்த்து இரண்டு தரமும் உயர்த்தினார்.

"ஏற்றுக்கொண்டார்களா?" என்று ரெகூலாவிடம் ஜேர்மன் மொழியான டொச்சில் கேட்டார்.

"ஒருமனதாக. வாழ்த்துகள்."

"வாங்கு எப்போது வரும்?"

"எந்த வாங்கு?"

"நான் கேட்ட வாங்கு."

"ஓ. இரண்டாவது வாக்கெடுப்பில் அதை முடித்துவைத்துவிட்டோமே. உங்கள் கோரிக்கை நியாயமானது என்று சபை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதால் அது நிறைவேறிவிட்டது. நிறைவேறியதால் முடித்துவைத்தோம். வாருங்கள், அப்பேரோ தொடங்கிவிட்டது."

அப்பேரோ என்பது கூட்டம் முடிந்ததும் எல்லோரும் நின்றபடி வெள்ளை வைனும் சீஸ் துண்டுகளும் சாப்பிடுகிற வழக்கம். அதற்கு மட்டும் எவரும் இரண்டாவது வாக்கெடுப்பு நடத்தியதில்லை.

அடுத்த பிரேரணை முதியோர் இல்லத்தில் இரவுச் சாப்பாட்டை மாலை நாலரைக்கே கொடுத்துவிடுவது பற்றியது. சமூகத்துறைப் பொறுப்பாளர் ஃபிராவ் ஆம்ஸ்டுட்ஸ் எழுந்து பதில் சொன்னார். "உறுப்பினரின் அக்கறை எங்கள் நெஞ்சைத் தொட்டது. நாலரைக்கு இரவு உணவு என்பது பொருத்தமில்லை என்பதை நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. எனவே வரும் முதலாம் திகதியிலிருந்து அதைப் பிந்திய மதிய உணவு என்று அழைப்போம்." ஏற்றுக்கொண்டார்கள், முடித்துவைத்தார்கள். முதலாம் திகதி நாலரைக்குப் பிந்திய மதிய உணவை வண்டியில் தள்ளிக்கொண்டு போனவரும் இராஜேஸ்வரிதான்.

உள்ளூர்ப் பத்திரிகை அவரைச் 'சபையின் வண்ணமயமான குரல்' என்று எழுதியது. அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில்தான் போயிருந்தார்.

இப்படியே போயிருந்தால் இராஜேஸ்வரிக்கும் பழகியிருக்கும். சிவதர்சினிதான் பழக விடவில்லை.

சிவதர்சினிக்கு இருபத்தொன்பது வயது. கலியாணமாகி வந்து மூன்று வருடம். இராஜேஸ்வரி இருக்கும் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறாள். பெப்ரவரியில் ஒருநாள், புருசன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, எவரிடமும் சொல்லாமல் ஊரின் குடும்ப ஆலோசனை அறைக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த டொச் மொத்தம் நாற்பது சொல், அத்தனையும் சூப்பர் மார்க்கெட்டுச் சொற்கள். அங்கே இருந்தவர்கள் அன்பானவர்கள். இந்தப் பெண் ஏதோ சொல்ல வருகிறாள், விளங்கவில்லையே என்று கவலைப்பட்டு, உதவிக்கு அவளுடைய புருசனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவன் பத்து நிமிடத்தில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழ அழ மொழிபெயர்த்தான். குளிர்காலம் அவளுக்கு ஒத்துவரவில்லையாம். ஊர் ஞாபகமாம்.

கோப்பில் எழுதினார்கள்: முரண்பாடு எதுவும் இல்லை. கணவர் மிகவும் ஒத்துழைப்பானவர்.

இப்போது இரண்டாவது அழைப்பு வந்திருக்கிறது. இந்த வியாழக்கிழமை ஒன்பதரைக்கு. அதில் புதிதாக ஒன்றும் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். அழைப்பின் கீழே தடித்த எழுத்தில் இருந்தது: மொழிபெயர்ப்புக்குத் தங்கள் கணவரை அழைத்து வரவும்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கிற நிலவறையில், இயந்திரம் சுற்றுகிற சத்தத்துக்குள் சிவதர்சினி கேட்டாள்.

"அன்ரி, வியாழக்கிழமை டெர்மினுக்கு நீங்கள் வருவியள்தானே?"

"விடமாட்டம் எண்டு கடிதம் போட்டிருக்கினம் பிள்ளை."

"ஏன்? நீங்கள் பார்லிமென்டிலை பெரிய ஆளெல்லோ?"

"அதாலைதானாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதட்டில் ஒரு காயம் இருந்தபடியால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

"அப்ப என்னெண்டு அன்ரி சொல்லுறது? நான் சொல்லுறதை அவர்தான் சொல்லுவார். போன முறை வீட்டை வந்தாப் பிறகு, நல்லாச் சொன்னனானோ எண்டு என்னையே கேட்டவர்."

இயந்திரம் நின்றது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவிட்டாள். உடுப்புத் தோய்க்கப் புருசன் அவளுக்குக் கணக்காக நாற்பது நிமிடம் கொடுத்திருந்தான்.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குச் சபை கூடியபோது வெளியே இன்னும் நல்ல வெயில். ஏழாவது விடயம் மொழிபெயர்ப்பாளர் பிரேரணை. ஃபிராவ் ஆம்ஸ்டுட்ஸ் மேடைக்கு வந்தார். மேடையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்க வேண்டும், சிவப்பு என்றால் முடிந்தது. அவர் பேசும்போது அது எப்போதும் பச்சையாகவே இருந்தது.

"சபையோரே, இந்தப் பிரச்சினையை நிர்வாகம் மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டது. நாற்பத்தொரு அமைப்புகளிடம் கருத்துக் கேட்டோம். மீன்பிடிக் கழகம் ஆதரவு. துப்பாக்கி சுடுவோர் சங்கம் நடுநிலை. வெளிநாட்டுப் பெண்களிடமும் கேட்க விரும்பினோம். ஆனால் அவர்களோடு பேச எங்களிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லை."

சிலர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்கள்.

"மொழிபெயர்ப்பு இல்லை என்று இதுவரை ஒருவர்கூட எங்களிடம் முறையிட்டதில்லை. இத்தனைக்கும் முறைப்பாட்டுப் படிவம் நாட்டின் நான்கு மொழிகளிலும் கிடைக்கிறது. எங்கள் வழிமுறை எளியது. அதைக் குடும்பத் தீர்வு என்கிறோம். ஒரு பெண்ணை அவள் கணவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? கடந்த வருடம் நூற்றுநாற்பது உரையாடல்கள் கணவர்மாரின் உதவியோடு நடந்தன. அந்த நூற்றுநாற்பதில் ஒன்றில்கூடக் கணவர்மீது ஒரு குறை பதிவாகவில்லை. இப்படியொரு புள்ளிவிபரம் சுவிஸில் வேறு எந்த ஊரிலும் இல்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். ஆகவே, பிரேரணையை ஏற்றுக்கொண்டு அதேவேளை முடித்துவைக்குமாறு கேட்கிறேன்."

மேசைகள் தட்டப்பட்டன. மேலே முன்வரிசையில் குகநாதனும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். இராஜேஸ்வரி அண்ணாந்து பார்த்ததும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

இராஜேஸ்வரி மேடைக்குப் போனார். கையில் விதிமுறைப் புத்தகம்.

"தலைவர் அவர்களே, பத்தொன்பதாம் விதி," என்றார் டொச்சில். "ஒவ்வொரு உறுப்பினரும் தம் தாய் பேசிய மொழியில் சபையில் பேசலாம்."

ஹெர் ஃப்ளூக்கிகர் புன்னகைத்தார். நூறு வருடத்துக்கு முன்பு, பள்ளிக்கூட டொச்சில் பேசுவதா, வீட்டு டொச்சில் பேசுவதா என்று சபை அடிபட்டபோது உண்டான விதி அது. இந்த ஊர் தன் வரலாற்றில் வேறு எதற்கும் அவ்வளவு அடிபட்டதில்லை.

"தாராளமாக. நீங்கள் எங்கள் வட்டார மொழியில் பேசினால் எங்களுக்குச் சந்தோசம்."

"என் தாய் புங்குடுதீவுக்காரி," என்றார் இராஜேஸ்வரி.

எட்டு நிமிடம் கூட்டம் நிறுத்தப்பட்டது. தலைவரும் செயலாளரும் புத்தகத்தை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வாசித்தார்கள். விதி விதிதான். ஆனால் யார் மொழிபெயர்ப்பது? மொழிபெயர்ப்பாளர் தேவையா என்பதே ஏழாவது விடயம். அது முடிவாகுமுன் ஒருவரை அழைத்தால், முடிவுக்கு முன்பே முடிவெடுத்ததாகிவிடும்.

ஃபிராவ் ஆம்ஸ்டுட்ஸ்தான் வழி சொன்னார். "உறுப்பினரின் கணவர் மேலே இருக்கிறாரே. குடும்பத் தீர்வு."

சபை உதவியாளர் ஒருவர் ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் குகநாதனின் கையில் கொடுத்தார். அவர் நீலச் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார்.

இராஜேஸ்வரி தமிழில் பேசத் தொடங்கினார்.

"ஒரு பிள்ளை உங்கடை ஆலோசனை அறைக்கு வந்தவள். வீட்டிலை அடி, வெளிக்கிட விடுறேல்லை, பாஸ்போட்டை ஒளிச்சு வச்சிருக்கிறான் எண்டு சொல்லத்தான் வந்தவள். நீங்கள் என்ன செய்தனியள்? அடிச்சவனையே கூப்பிட்டு, இவள் என்ன சொல்லுறாள் எண்டு கேட்டனியள்."

நிறுத்தினார். இருபத்தேழு முகங்கள் மேலே திரும்பின. குகநாதன் அந்த முகங்களைப் பார்த்தார். அவற்றுக்குப் பின்னால் சுவரில் பெரிதாக இருந்த ஊர்ச் சின்னத்தைப் பார்த்தார். கழுவாத கைகளால் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என் மனைவி," என்றார் டொச்சில், "எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார். ஆலோசனை அறைக்கு ஒரு பெண் வந்தாராம். அறை மிகவும் சுத்தமாக இருந்ததாம்."

"உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்றார் இராஜேஸ்வரி, சபையைப் பார்த்து.

"நன்றி சொல்கிறார்."

"அவளின்ரை வாயைப் பூட்டித் திறப்பை அவன்ரை கையிலையே குடுத்துவிட்டிருக்கிறியள்."

"சிறிய சிறிய முன்னேற்றங்கள் செய்யலாம் என்று நினைக்கிறார். அவசரம் இல்லை."

சபை எழுந்து நின்று கைதட்டியது. ஃபிராவ் ஆம்ஸ்டுட்ஸ் கண்ணைத் துடைத்தார். "இதைவிட அழகாகக் குடும்பத் தீர்வை எவரும் விளக்க முடியாது," என்றார். செயலாளர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

இராஜேஸ்வரி டொச்சுக்கு மாறினார். "நான் சொன்னது அதுவல்ல. பதிவைத் திருத்துங்கள்."

"முடியாது," என்றார் ஹெர் ஃப்ளூக்கிகர் கனிவாக. "மொழிபெயர்க்கப்பட்டதுதான் பதிவாகும். அதோடு, உங்களுக்கு டொச் தெரிகிறது. தெரிந்தால் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. தேவையில்லை என்றால் உங்கள் பிரேரணைக்கே அடிப்படை இல்லை."

"அந்த மனிதர் என்னோடு முப்பத்தொரு வருடமாக வாழ்கிறார். ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. நல்லவர். அவரே உங்கள் முகத்தைப் பார்த்ததும் என் பேச்சை விழுங்கிவிட்டார். அடிக்கிறவன் எதையெல்லாம் விழுங்கியிருப்பான்?"

விளக்கு சிவப்பானது. தலைவர் மணியை அடித்தார். வாக்கெடுப்பு. ஏற்றுக்கொள்ள இருபத்தேழு கை. முடித்துவைக்க இருபத்தாறு. ரெகூலாவின் கை பாதியில் நின்று, இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் தலைமயிரைக் கோதியது. இராஜேஸ்வரி இரண்டு தரமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மேலே, குகநாதனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவருடைய தோளைத் தட்டினார். "அருமையாக மொழிபெயர்த்தீர்கள்."

குகநாதன் தோளில் இருந்த கையைப் பார்த்தார். 'போன முறை நல்லாச் சொன்னனானோ எண்டு என்னையே கேட்டவர்' என்று சிவதர்சினி சொன்னதை, இராஜேஸ்வரி நேற்றுத்தான் சோற்றைப் போட்டபடி அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் மெதுவாக எழுந்து நின்றார். ஒலிவாங்கியை வாங்க வந்த உதவியாளரிடம் அதைக் கொடுக்கவில்லை.

கீழே இராஜேஸ்வரி புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார்.

"முப்பத்துமூன்றாம் விதி. தனிப்பட்ட அறிக்கை. ஒரு நிமிடம். அதன்மீது விவாதம் கிடையாது, எவரும் பதில் சொல்லவும் கூடாது."

"அப்பேரோ காத்திருக்கிறது," என்றார் தலைவர்.

"விதி," என்றார் இராஜேஸ்வரி. பிறகு மேலே பார்த்துத் தமிழில், "இஞ்சருங்கோ, ஏலுமோ?"

"நீர் சொல்லும்," என்றார் குகநாதன். "இந்தமுறை ஒண்டும் குறைக்கமாட்டன்."

இராஜேஸ்வரி சொல்லச் சொல்ல, குகநாதன் ஒவ்வொரு வசனமாக டொச்சில் இறக்கினார்.

"உங்கள் கடிதம் கிடைத்தது என்கிறார். வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த அறையில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், தான் உட்கார்ந்திருப்பேன் என்கிறார். அவள் சொல்வதை அவள் சொன்னபடியே சொல்வாராம். அதற்காகச் சபையிலிருந்து விலக மாட்டாராம், மன்னிப்பும் கேட்க மாட்டாராம்."

ஒரு மூச்சு எடுத்தார்.

"வாசலில் நான் நிற்பேன். இது மொழிபெயர்ப்பு இல்லை, இது என்னுடையது."

செயலாளரின் விரல்கள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன. இராஜேஸ்வரி கடைசி வசனத்தைச் சொன்னார். சின்ன வசனம். குகநாதன் அதை ஒருதரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அவரைத் தடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இப்போதே கையை உயர்த்துங்கள் - பொறுங்கள், 'தயவுசெய்து' என்று அவர் சொல்லவில்லை, அதை எடுத்துவிடுகிறேன்: அவரைத் தடுக்கப் போகிறவர்கள் இப்போதே கையை உயர்த்துங்கள்."